மழைக்காட்டைக் காப்பாற்ற யார், என்ன செய்ய முடியும்? வால்பாறையிலிருந்து சில பதில்கள்

காடு அழிகிறது என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு வருகிறார்கள். பணம் கொடுத்தால் போய்ச் சேருமா? மரம் நட்டால் போதுமா? ஆனைமலைப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் வால்பாறையிலிருந்து வரும். தேவைப்பட்டால் போர்னியோவுக்கும் பிரேசிலுக்கும் ஒரு நடை போய்வரலாம்.

மழைக்காடு என்றால் அமேசான்தானே? தமிழ்நாட்டில் ஏது?

இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டும் சரிவுகளில், ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் அகத்தியமலையிலும், வருடம் முழுவதும் இலை உதிராமல் நிற்கும் காடுகள் அவை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. அதற்கு நடுவே அங்கங்கே கரும்பச்சையாகச் சில திட்டுகள் தெரியும். பழைய காட்டின் மிச்சம் அவைதான்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலத்தில் 1890-கள் முதல் காட்டை வெட்டிக் காபியும் தேயிலையும் ஏலமும் போட்டார்கள். அந்தக் காலத்துத் தோட்டக்காரர் கார்வர் மார்ஷுக்கு மலைப்பாதையில் ஒரு சிலைகூட உண்டு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் இருப்பதால், யானைக்கும் சோலைமந்திக் குரங்குக்கும் இருவாட்சிப் பறவைக்கும் இந்தத் திட்டுகள்தான் நடந்து, தாவி, பறந்து போகிற படிக்கற்கள். அவை பெரும்பாலும் எஸ்டேட்டுகளுக்குள் இருக்கின்றன. அரசு காப்பகம் என்று அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இங்கே சொல்ல முடியாததற்குக் காரணம் அதுதான்.

அங்கே ஒரு தொண்டு நிறுவனம் என்னதான் செய்கிறது?

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1996-ல் தொடங்கிய நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் (சுருக்கமாக என்.சி.எஃப்.) இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக வால்பாறையில் இருக்கிறது. திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வழிநடத்திய வேலை. எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, அவர்கள் நிலத்துக்குள் இருக்கும் சிதைந்த காட்டுத் திட்டுகளை மீட்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். முதலில் விதை. காட்டுக்குள் போய் அள்ளிக்கொண்டு வருவதில்லை. சாலையோரத்தில் விழுந்து, விட்டால் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப்போகும் விதைகளைக் குனிந்து பொறுக்குகிறார்கள். மழைக்காட்டு விதைகளில் பலவற்றை நெல் மாதிரிக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது, ஈரம் போனால் செத்துவிடும். எடுத்ததும் முளைக்கப் போட வேண்டும். வெடிப்பலா, நாங்கு, குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், நாவலில் பல வகை என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். எது எப்போது காய்க்கும் என்பதே பெரிய படிப்பு. முளைத்ததைப் பையில் வைத்து நிழலில் ஒன்றிரண்டு வருடம் வளர்க்க வேண்டும்.

அப்புறம் உண்ணிச்செடி. பூ அழகாக இருக்கிறதே என்று யாரோ கொண்டுவந்த செடி இன்று ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. அதை வெட்டும்போதே, அடியில் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளை வெட்டிவிடாமல் பார்த்துப் பார்த்து அரிவாள் போட வேண்டும். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடவு. அட்டை கால் முழுக்க ஏறும். நட்ட பிறகு இரண்டு மூன்று வருடம் களையெடுப்பு. ஒவ்வொரு கன்றுக்கும் அடையாளம் போட்டு, எத்தனை பிழைத்தது என்ற கணக்கும் உண்டு.

நன்கொடை எங்கே செலவாகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: கூலி, பை, மண், களையெடுப்பு, ஜீப்புக்கு டீசல். போட்டோவில் அழகாக வராத செலவுகள்.

சும்மா விட்டால் தானாகவே வளராதா?

இடத்தைப் பொறுத்தது. வால்பாறையிலேயே, நட்டு மீட்ட இடங்களையும் அப்படியே விட்ட இடங்களையும் பழைய காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நட்ட இடங்களில் மர வகைகளும் மரத்தில் சேரும் கார்பனும் கூடுதலாக இருந்தன. பெரிய காட்டிலிருந்து தள்ளித் தனியாகக் கிடக்கும் திட்டுகளில்தான் நடுவதன் பலன் அதிகம். பெரிய காட்டை ஒட்டிய இடங்களில் பறவையும் புனுகுப்பூனையுமே விதையைக் கொண்டுவந்து போட்டுவிடுகின்றன, நாம் ஒதுங்கி நின்றால் போதும்.

நட்ட காடும் பழைய காட்டின் தரத்தை இன்னும் தொடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே நிற்கிற காட்டை வெட்டவிடாமல் தடுப்பதுதான் முதல் வேலை, எல்லாவற்றையும்விட மலிவான வேலையும்கூட.

எங்கள் சங்கம் சார்பில் மலையில் ஆயிரம் மரக்கன்று நட ஆசை. நடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். கல்லூரியில் படித்தபோது நாங்களும் இப்படி ஒரு பஸ் நிறைய ஆட்களோடு மலைக்குப் போய் 500 கன்று நட்டோம். வேம்பு, புங்கை, சரக்கொன்றை. பேனர், பிரியாணி, குழுப் படம் எல்லாம் அமர்க்களமாக நடந்தது. மறு வருடம் நாலு பேர் போய்ப் பார்த்தோம். குழிகள் இருந்தன. ஒரு குழியில் மட்டும் குச்சி நின்றது, அதில் பெயர்ப் பலகை தொங்கியது. இரண்டு தப்பு செய்திருந்தோம் என்று பிற்பாடுதான் புரிந்தது. சமவெளி மரத்தை மலையில் கொண்டுபோய் வைத்தது ஒன்று. நாங்கள் நட்ட இடம் காடே அல்ல, இயற்கையான புல்வெளி என்பது இன்னொன்று.

நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்துச் சீகை (வாட்டில்) மரத்தையும் தைல மரத்தையும் பைனையும் நட்டதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த புல் போய்விட்டது. சீகையோ வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.

ஆயிரம் கன்றுக்கான பணம் இருந்தால், ஏற்கெனவே வேலை நடக்கும் இடத்தில் 200 கன்றுக்கு மூன்று வருடப் பராமரிப்பைக் கொடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் நடக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம், நல்ல எண்ணம் அனுமதிச் சீட்டு ஆகாது.

காட்டுக்குள் இருப்பவர்களை வெளியேற்றினால்தான் காடு பிழைக்கும் என்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. ஆனைமலையில் காடர் பழங்குடியினர் எஸ்டேட் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இருக்கிறார்கள். காட்டை வெட்டித் தேயிலை போட்டது அவர்கள் அல்ல.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சாலைப் பாருங்கள். அங்கே காடர்கள் இருவாட்சிக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் வெளியிலிருந்து வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்த நேரத்தில் மரத்தை யாராவது வெட்டினால், அல்லது குஞ்சை எடுத்தால், ஒரு தலைமுறையே போச்சு. முன்பு குஞ்சு எடுத்த ஆட்களே இன்று காவல் இருக்கிறார்கள். எந்த மரத்தில் எந்த மாதம் கூடு என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவுக்கு ஒரு சம்பளம் கொடுத்ததுதான் தொண்டு அமைப்பு செய்த காரியம்.

2014-ல் வாழச்சாலின் ஒன்பது குடியிருப்புகளுக்கு, வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ், ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. அங்கே வர இருந்த அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்து நின்றபோது இந்தக் காகிதம் பெரிய ஆயுதமாக இருந்தது. கிராம சபையைக் கேட்காமல் தாண்டிப் போக முடியவில்லை.

நம் பக்கத்தில் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை அருகே கல்லார்குடியில் நிலம் சரிந்தது. அங்கிருந்த காடர்கள் பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடியேறக் கேட்டார்கள். பட்டா கைக்கு வர 2021 ஆயிற்று. இரண்டு வருடம், மனு மேல் மனு. இந்த மாதிரி வேலையில் ஒரு சங்கம் துணை நிற்கலாம்: விண்ணப்பம் எழுதுவது, வரைபடம் போடுவது, கிராம சபைத் தீர்மானத்தை ஒழுங்காகப் பதிவு செய்வது, வழக்கறிஞருக்குப் பணம் திரட்டுவது. மரம் நடுவதைப் போல இதற்குக் கூட்டம் சேராது. காட்டுக்கு என்னவோ இதுதான் அதிகம் உதவும்.

தோட்டத் தொழிலாளர்கள் நிலை?

காட்டைப் பற்றிப் பேசும் பலரும் இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாலை மங்கிய நேரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி லைன் வீட்டுக்கு நடந்து போகிறவருக்கு எதிரே யானை நின்றால் அவருக்குக் காட்டின் மீது என்ன பாசம் வரும்? வால்பாறையில் உயிரிழப்புகளை ஆராய்ந்து பார்த்ததில், யானை பக்கத்தில் இருப்பது தெரியாமல் போய் முட்டிக்கொண்டதே முக்கியக் காரணமாக இருந்தது. அதனால் செல்போனுக்குக் குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, முக்கியமான இடங்களில் போன் மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அதைப் போடுவதும் அணைப்பதும் அந்தந்த எஸ்டேட் ஆட்களே.

திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் கதை வேறு மாதிரி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர். குத்தகை 2028-ல் முடிய இருக்க, 2024-லேயே தோட்ட நிறுவனம் வேலையை நிறுத்தித் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. புலிகள் காப்பகத்துக்கு நடுவே அவ்வளவு நிலம் காடாகத் திரும்புவது நல்ல செய்திதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியோடு கொழுந்து கிள்ளியவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்ததைப் பார்த்துவிட்டு அந்தச் செய்திக்குக் கைதட்ட என்னால் முடியவில்லை. காடு மீட்கும் வேலைக்கு ஆள் வேண்டும், அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டிய இடம் அது.

உலகில் வேறு எங்காவது இப்படி மக்களோடு சேர்ந்து செய்து, பலன் கிடைத்ததாகக் காட்ட முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்தது போர்னியோ தீவில், இந்தோனேசியாவின் மேற்குக் காலிமந்தானில், சுகடானா என்ற ஊரில் நடந்தது. பக்கத்தில் குனுங் பாலுங் தேசியப் பூங்கா, ஒராங்குட்டான்கள் வாழும் மழைக்காடு. ஊர்க்காரர்கள் உள்ளே போய் மரம் வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். கினாரி வெப் என்ற அமெரிக்க மருத்துவர் ஊர் ஊராகப் போய், 'வெட்டாமல் இருக்க உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார். கைக்கு எட்டும் செலவில் வைத்தியம், ரசாயனம் இல்லாத விவசாயத்துக்குப் பயிற்சி என்றார்கள். வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மரம்தான் அவர்களுடைய ஏ.டி.எம்.

2007-ல் ஆஸ்ரி என்ற பெயரில் மருத்துவமனை தொடங்கியது. காசு இல்லாதவர்கள் மரக்கன்றோ எருவோ கைவேலைப் பொருளோ கொடுத்துக் கட்டணம் கழிக்கலாம். மரம் வெட்டுவதை நிறுத்திய ஊருக்குக் கூடுதல் தள்ளுபடி. பிற்பாடு, இயந்திர ரம்பத்தை ஒப்படைத்தால் சிறுதொழில் தொடங்க முதல் என்ற திட்டமும் வந்தது. பத்து வருடக் கணக்கை எடுத்து 2020-ல் வெளியான ஆய்வு, மற்ற பூங்காக்களோடு ஒப்பிட்டால் அங்கே காடழிப்பு சுமார் 70% குறைந்தது என்றது.

மருந்துச் சீட்டு எழுதிக் காட்டைக் காப்பாற்றிய கதை. கேட்டுவிட்டுச் செய்தார்கள் என்பதுதான் இதில் விஷயம்.

'ஒரு ஏக்கர் மழைக்காட்டைத் தத்தெடுங்கள்' என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

சில உண்மையானவை. 1987-ல் ஸ்வீடனில் ஒரு கிராமத்துப் பள்ளியில், மழைக்காட்டைப் பற்றிய பாடத்தைக் கேட்டுவிட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் 'அதை நாம் வாங்கிவிடலாமே' என்றானாம். பிள்ளைகள் காசு சேர்த்துக் கோஸ்டா ரிகாவில் மான்டெவெர்டே பக்கம் நிலம் வாங்கத் தொடங்கினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிள்ளைகள் சேர்ந்துகொள்ள, இன்று அது 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு'. அதை நிர்வகிப்பது அந்த ஊர் அமைப்பு.

இந்தியாவில் இந்த வழி அவ்வளவு ஓடாது, நம் மழைக்காட்டில் பெரும்பகுதி அரசு நிலம். விளம்பரத்தைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: பத்திரம் யார் பெயரில்? அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்கள் யார்? பத்து வருடம் கழித்துக் காவலாளிக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?

மனு, போராட்டம் இதெல்லாம் எடுபடுமா?

எடுபட்டிருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சைலன்ட் வேலியில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை வர இருந்தது. ஆரம்பத்திலேயே கவலையோடு பேசியவர்களில் ஒருவர் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பின் ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய் அறிவியலை எளிய மலையாளத்தில் விளக்கினார்கள், கவிஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்போது வேளாண் துறைச் செயலராக இருந்த நம் எம்.எஸ். சுவாமிநாதனும் 1979-ல் நேரில் பார்த்துவிட்டுத் திட்டம் வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் தேசியப் பூங்கா.

இலங்கையில் சிங்கராஜக் காடும் இப்படித்தான். 1970-களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1977-ல் நிறுத்தினார்கள். 1988-ல் உலகப் பாரம்பரிய இடமானது.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா?

ஆமாம். பிரேசில் அமேசானில் 2004-ல் ஒரே வருடத்தில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போனது. 2012-ல் அது 5,000-க்குக் கீழே இறங்கியது. செயற்கைக்கோள் பார்த்து உடனுக்குடன் ஆட்களை அனுப்பியது, புதுக் காப்பகங்கள், பழங்குடி நிலங்களுக்கு எல்லை வரையறை எல்லாம் அரசு செய்தவை. காட்டை அழித்து விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று 2006-ல் வியாபாரிகள் ஒப்புக்கொண்டதற்குப் பின்னால் தொண்டு அமைப்புகளின் நெருக்குதல் இருந்தது. அரசு மாறி, பிடி தளர்ந்தபோது வெட்டும் மறுபடி ஏறியது. தொண்டு நிறுவனம் வனத்துறைக்கு மாற்று ஆகாது. வனத்துறை தூங்கினால் எழுப்பலாம்.

பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

வருமான வரிச் சலுகைக்கான சான்றிதழ் (80ஜி என்று பழகிப்போன பெயர்) இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பழைய வரி முறையில் இருந்தால் சலுகை உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அதைவிட முக்கியம், ஆண்டறிக்கையில் செத்த கன்றுகளின் கணக்கு இருக்கிறதா என்பது. எல்லாம் பிழைத்தது என்று எழுதுகிறவரை நான் நம்புவதில்லை. ஒரே இடத்தில் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், உள்ளூர் ஆட்களுக்கு அங்கே வேலையும் குரலும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

உங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பணம் என்றால், மேலாளரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: எண்ணிக்கை கேட்காமல் ஐந்து வருடம் கொடுக்கச் சொல்லுங்கள். மார்ச்சுக்குள் ஒரு லட்சம் கன்று என்று நெருக்கினால், சீக்கிரம் வளரும் நாலு வகை மரத்தை நட்டுக் கணக்குக் காட்டுவார்கள். மார்ச்சில் மழையும் கிடையாது.

கையில் காசு இல்லை. வேறு வழி?

நிறைய. நாம் வருடா வருடம் இறக்குமதி செய்யும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. ரேஷன் கடைப் பாக்கெட் வரைக்கும் அதுதான். ரேஷன் வாங்குகிறவரைக் குறை சொல்வது அபத்தம். ஆனால் பிஸ்கட், சோப்பு, சிப்ஸ் கம்பெனிகளிடம் 'உங்கள் எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது' என்று வாடிக்கையாளர் கேட்கலாம். தேயிலைப் பாக்கெட்டில் தவளை முத்திரை இருந்தால், அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று. முழு உத்தரவாதம் இல்லை என்றாலும், ஓடைக்கரையை விட்டுவைப்பது, நாட்டு மரங்களை நிழலுக்கு வைப்பது போன்றவற்றுக்கு எஸ்டேட்டைக் கொஞ்சம் கட்டிப்போடும். வால்பாறையில் வரிசை வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதன் இடையில் நாலு நாவலும் குங்கிலியமும் நின்றால் பறவைக்கு அதுவே சத்திரம்.

உழைப்பைத் தருவதற்கும் இடம் உண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். பிளாஸ்டிக்கைத் தடுக்கவும், ஆற்றில் துணி விடாமல் சொல்லவும் தன்னார்வலர்கள் நிற்பார்கள். பக்தரிடம் அதட்டாமல் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே தட்டுப்பாடு.

சுற்றுலாவாக வால்பாறை போகிறோம். குரங்குக்கு ஏதாவது போடலாமா?

வேண்டாம். புதுத்தோட்டத்தில் சாலையை ஒட்டி 92 ஹெக்டேர் காட்டுத் திட்டு இருக்கிறது, சோலைமந்திக் கூட்டங்கள் அங்கே வாழ்கின்றன. மரத்திலிருந்து இறங்காமல் காலம் கழிக்க வேண்டிய குரங்கு, சிப்ஸ் பாக்கெட்டுக்காகத் தார்ச் சாலைக்கு வந்து சக்கரத்தில் அடிபடுகிறது. அதற்காகவே சாலைக்கு மேலே, இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் இடையில், பழைய தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே உள்ளூர் ஆட்கள் காவல் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வார்கள். கையைக் காட்டினால் நிறுத்துங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலே பாருங்கள். தாய் முதலில் கடக்கும். குட்டி பாதி வழியில் நின்று கீழே எட்டிப் பார்க்கும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால், காரணம் சொல்லிக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.